ஏழாம் எண் பூனை

1

'யாரோ சொல்லக் கேட்ட கதை இது' என்றுதான் முதலில் எழுதினேன். பொய். திருமலைராயன்பட்டினத்தில், வசதியில்லாத வீட்டுப் பூனைகளுக்குக் குறைந்த செலவில் கருத்தடை செய்த முகாமில் நானே உட்கார்ந்திருந்தேன். (எனக்கு அங்கே என்ன வேலை என்பதைப் பிறகு சொல்கிறேன். சொல்லாமல் நழுவப் பார்ப்பேன், விடாதீர்கள்.)

2

தொடக்கம், முதல் முயற்சி: அலைகள் பொங்கும் பட்டினச்சேரிக் கரையில் மீனவப் பெண் ஒருத்தி...

வேண்டாம். மீன் விற்கும் தமிழரசிக்கு அலையைப் பார்க்க நேரமில்லை. அவள் வீட்டில் வலை இருக்கிறது, வலையைக் கடிக்க எலி வருகிறது, எலிக்காகப் பூனை வளர்க்கிறாள். பூனை மூன்று ஈத்து போட்டுவிட்டது. குட்டிகள் வலைமேல் மூத்திரம் போகின்றன என்று, மூன்று முறையும் புருஷன் நாகராஜ் அவற்றைக் கோணியில் கட்டிப் போலகம் பக்கம் விட்டுவிட்டு வந்தான். தாய்ப் பூனை நாலு நாள் வீட்டைச் சுற்றிக் கத்தும். இன்னொரு தடவை அந்தக் கத்தலைக் கேட்க முடியாது என்று அவள் முடிவெடுத்தாள்.

ஆபரேஷன் பண்ணினால் எலி பிடிக்காது என்றான் நாகராஜ்.

"நானுந்தான் ரெண்டு பெத்துட்டு ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். மீன் விக்காமயா இருக்கேன்?"



3

பூனையை இரவு முழுக்கப் பட்டினி போடச் சொல்லியிருந்தார் முகாம் டாக்டர் தேவிகா. மீன்பிடி ஊரில் அது லேசான காரியமா? தமிழரசி கதவைச் சாத்திக் குறுக்கே படுத்துக்கொண்டாள். காலையில் மீன் கூடையைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, பூனையை உள்ளே வைத்து, மேலே பழைய வலைத் துண்டைக் கட்டி எடுத்து வந்தாள். அவளுக்கு ஏழாம் எண் கொடுத்தார்கள்.

டாக்டர் வலையை அவிழ்த்தபோது பூனை எதையோ மென்றுகொண்டிருந்தது. கூடை இடுக்கில் ஒட்டியிருந்த காய்ந்த நெத்திலி.

வயிற்றில் இரையோடு மயக்க ஊசி போட்டால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். மூன்று மணிக்குத்தான் முடியும். ஆனால் மருந்து இருப்பது பதினெட்டுப் பூனைகளுக்கு மட்டும். தவறிய எண், எண் கிடைக்காமல் காத்திருப்பவருக்குப் போய்விடும். அவர் விட்டுக்கொடுத்தால் கடைசியாகச் செய்கிறேன், இல்லையென்றால் நாலு மாதம் கழித்து அடுத்த முகாம் என்றார். அதற்குள் பூனை மறுபடி குட்டி போட்டுவிடும். கோணி தயாராக இருக்கும்.

4

தமிழரசி வீட்டுக்குப் போகவில்லை. கூடையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். ஒரு பூனைக்குப் போய் இவ்வளவு பிடிவாதமா என்றார் முகாம்காரர் ஒருவர்.

"மீன்காரி பூனைய மீன் கூடையிலதான் கொண்டாருவா. வேற எதுல கொண்டாருவா? ராத்திரி பூரா காவ இருந்தவ நான். மூணு மணி வரைக்கும் இங்கதான் உக்காந்திருப்பேன்."

5

(இதை அடிக்குறிப்பாகச் சின்ன எழுத்தில் போட்டுவிடலாமா என்று பார்த்தேன்.) காத்திருந்தவர் நான்தான். காரைக்காலில் சொந்த வீடு, மாதச் சம்பளம், கடையில் வாங்கிய பூனைப் பெட்டி. அங்கே யாரும் என் வருமானத்தைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தமிழரசி என் பெட்டியைப் பார்த்தாள்.

"உங்களுக்கு வேற ஆஸ்பத்திரி இருக்குங்க. எனக்கு இதுதான்."

நான் செல்போனைப் பார்த்தேன். ஏழாம் எண்ணைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்து...

(இந்த வாக்கியத்தை ஐந்து முறை எழுதிப் பார்த்தேன். முடியவில்லை.)

6

முடிவு ஒன்று: டாக்டர் மனமிரங்கி இரண்டு பூனைகளுக்கும் செய்கிறார். மருந்துக்கு எங்கே போவார்? அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: தமிழரசி கண்ணீரோடு வீடு திரும்புகிறாள். எழுதிய என்மீதே எனக்குக் கோபம் வந்தது. அவள் அழவில்லை. அன்று முகாமைப் பூட்டியபோதும் அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். பூட்டியவர்தான் அவளைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனார்.

அதனால் நடந்ததை மாற்றுகிறேன். பிராயச்சித்தம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் மாற்றுகிறேன். என்னையும் என் பூனைப் பெட்டியையும் இந்தக் கதையிலிருந்து வெளியே அனுப்பிவிட்டேன். ஒரு பூனைக்கான மருந்து மிச்சமிருக்கிறது. மணி மூன்று. பூனை வயிறு காலி. டாக்டர் கையுறை மாட்டிவிட்டார். இனி யாராவது எண்ணைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவள் இடத்தை எடுத்துக்கொண்ட நான் எந்த வாயால் கூப்பிடுவது? நீங்கள் கூப்பிடுங்கள். மனதுக்குள் படித்தால் அவளுக்குக் கேட்காது, வாய்விட்டுச் சொல்லுங்கள்:

ஏழாம் எண். பட்டினச்சேரி, தமிழரசி. உள்ள வாங்க.