கூரையில் ஒட்டிய ஜெபங்கள்

சபை மூப்பர் முப்பத்தோரு வருடமாகச் செய்த ஜெபங்களில் ஒன்றுகூட மேலே போகவில்லை என்பது, ஆலயத்துக்கு வெள்ளையடிக்க வந்த பெயிண்டர் உட்கூரையைச் சுரண்டியபோது தெரியவந்தது. மூப்பரின் இருக்கைக்கு நேர் மேலே அவை நாலு விரற்கடை கனத்துக்கு, பழைய மெழுகு நிறத்தில் படிந்திருந்தன. போதகர் தலைக்கு மேலேயும் ஒரு தட்டளவு இருந்தது. முதலில் இதைச் சுரண்டிவிடுங்கள் என்று அவர் தணிந்த குரலில் கேட்டுக்கொண்டார். கடைசி பெஞ்சில் உட்காரும் தையல்காரியின் தலைக்கு மேலே மட்டும் சுத்தமாக இருந்தது. அவள் ஜெபத்தில் பாதி நேரம் ஆண்டவரோடு சண்டை போடுவாள்.

சுரண்டிய தூளில் ஒரு சிட்டிகை பெயிண்டரின் டீயில் விழுந்துவிட்டது. அன்று வீட்டில் அவர் மனைவியிடம், தேவரீர் தயைகூர்ந்து ஒரு செம்புத் தண்ணீரை அருளிச்செய்யும்படி, என்று ஆரம்பித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

மூப்பர் அசரவில்லை. கூரை தாழ்வு, அதுதான் கோளாறு என்றார். அவர் ஜெபத்தைக் கேட்கவே பக்கத்துச் சபைகளிலிருந்து ஆட்கள் வருவார்கள். மனிதரும் நடுவில் ஒரு கண்ணைத் திறந்து கூட்டத்தைப் பார்த்துக்கொள்வார்.

அந்த வாரமே அவர் மனைவிக்கு நெஞ்சுவலி வந்தது. ஆபரேஷன் செய்தாலும் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். மூப்பர் நேரே ஆலயத்துக்கு வந்து தன் இடத்தில் முழங்கால் போட்டார். வழக்கமான வார்த்தைகள் கிளம்பின, கூரையில் மோதின, பொத்தென்று அவர் தோளிலேயே விழுந்தன. பத்துத் தடவையும் அப்படித்தான். சாரத்தில் நின்ற பெயிண்டருக்கே பாவமாக இருந்தது. கடைசியில் மூப்பர் வாயிலிருந்து தேவரீர் கழன்றுகொண்டது.

“நீங்க இருக்கீங்களான்னுகூட நான் யோசிச்சதில்ல. ஜனங்களுக்குக் கேக்கணும்னுதான் பேசினேன். இப்ப எனக்கு வேற யாரும் இல்ல. அவளை விட்ருங்க.”

அது போன வேகத்தில் சாரம் ஆடியது. உட்கூரையிலும் ஓட்டிலும் எலுமிச்சை அளவுக்கு ஓட்டை விழுந்தது.

பதினோராம் நாள் மனைவி வீடு திரும்பினாள். மூன்று தரம் சிமெண்ட் வைத்தும் ஓட்டை அடைபடவில்லை. மழை அதன் வழியாக வருவதுமில்லை என்பதால் அப்படியே விட்டுவிட்டார்கள். அதன் கீழே உட்கார கமிட்டிக்காரர்களுக்குள் ஒரே போட்டி. ஓட்டையைச் சுற்றி மறுபடியும் மெழுகு நிறம் ஏறுகிறது. மூப்பர் இப்போது கடைசி பெஞ்சில் தையல்காரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வரி பேசுவார். சில ஞாயிறுகளில், இன்னைக்கு ஒண்ணும் வரல ஆண்டவரே, என்பதோடு சரி. பெயிண்டர் வருடம் தவறாமல் வந்து சுரண்டிவிட்டுப் போகிறார். மூப்பர் தலைக்கு மேலே அவருக்கு வேலை இருப்பதில்லை.