மன்னார்குடியிலிருந்து ஒரு சுமோ

இளையபெருமாளுக்கு அந்தச் சுமோவின் மேல் சந்தேகம் வந்தது மன்னார்குடியில்தான். நியாயமாக அதற்கு முன்பே வந்திருக்க வேண்டும். திருத்துறைப்பூண்டியை விட்டுக் கிளம்பியதிலிருந்து கண்ணாடியில் அது தெரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் ரோடு என்று இருந்தால் பின்னால் இன்னொரு வண்டி வரத்தானே செய்யும்? அதற்கெல்லாம் பயந்தால் பிழைப்பு நடக்குமா? மன்னார்குடியில் பெட்ரோல் போட நின்றான். அதுவும் ஓரமாக நின்றது. இவன் கிளம்பினான். அதுவும் கிளம்பியது. அப்போதுதான் பயம் பிடித்தது.

பிடிக்காமல் என்ன செய்யும்? அவன் ஓட்டியது ஓன் போர்டு வண்டி. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து. சொந்தக்காரன் தன் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போகலாம், கல்யாணத்துக்குப் போகலாம், வாடகைக்கு மட்டும் ஒரு ஆளைக்கூட ஏற்றக் கூடாது. அதற்கு மஞ்சள் போர்டு வேண்டும். மஞ்சள் போர்டு என்றால் பர்மிட், வரி, எஃப்.சி. என்று வரிசையாக நிற்கும். ஊரில் பாதி வண்டி வெள்ளைப் பலகையோடுதான் வாடகைக்கு ஓடியது என்பது வேறு கதை. பிடிபடாதவரை எல்லாரும் யோக்கியர்தான்.

காவிரியில் தண்ணீர் வராமல் குறுவை போய், சம்பாவும் கருகி, அது மூன்றாவது வருஷம். இளையபெருமாளின் அண்ணன் தம்பிகள் எல்லாம் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு பஸ் ஏறிவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாக நடவுக்கும் அறுப்புக்கும் போன குடும்பத்தில் ஒரு வண்டிக்குச் சொந்தக்காரன் ஆன முதல் ஆள் இவன்தான். பழைய மாருதி வேன். அதற்காக அவன் மனைவி அம்சம் கழுத்தில் மஞ்சள் கயிறோடு நிற்கிறாள். வேன் போனால் இவனும் திருப்பூர்தான்.

போன மாசம் ஸ்டாண்டு நண்பன் பஞ்சநதத்தின் வண்டியைப் பிடித்தார்கள். மேலே விளக்கில்லை, போலீஸ் என்று எழுத்தில்லை, சும்மா ஒரு கார். ஊரை விட்டதிலிருந்து ஒட்டிக்கொண்டே வந்து, ஆள் இறங்கிக் காசு கொடுக்கும்போது லபக்கென்று அமுக்கிவிட்டார்கள். சட்டை பேண்ட் போட்ட மஃப்டி ஆட்கள். அந்த வண்டி இன்னும் ஸ்டேஷன் வாசலில்தான் நிற்கிறது. அதன் மேல் ஆடு ஏறிப் படுக்கிறது என்று சொல்லிச் சொல்லிப் பஞ்சநதம் அழுகிறான்.

இன்றைக்கு வேனில் இருந்தவர்கள் ஜன்னத் பீவியும் மகள் பர்வினும். மகன் ஹஸ்ஸான் ஐந்து வருஷம் கழித்து சவுதியிலிருந்து வருகிறான், திருச்சி ஏர்போர்ட்டில் மதியம் இறங்குகிறான். கிளம்பும்போதே இளையபெருமாள் வழக்கமான பாடத்தைச் சொல்லிக் கொடுத்தான். ஓன் போர்டு ஓட்டுகிற யாரும் இதைச் சொல்லாமல் கியரைப் போட மாட்டார்கள்.

"வழியில யாராச்சும் நிறுத்திக் கேட்டா, இவரு எங்களுக்கு வேண்டியவரு, தம்பி மாதிரி, சும்மா கூட வர்றாருன்னு சொல்லிடுங்கம்மா."

ஜன்னத் பீவி மாட்டேன் என்றுவிட்டார். போன வருஷம்தான் ஹஜ்ஜுக்குப் போய் வந்தாராம், இனிமேல் இந்த வாயால் பெற்ற பிள்ளைக்காகக்கூட ஒரு பொய் வராதாம். பர்வின் வேறு பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தாள். பேரைக் கேட்டால் என்ன சொல்வதாம்? ஜன்னத் பீவியின் தம்பி இளையபெருமாள் என்றா? இவனும் சிரித்துவிட்டு விட்டுவிட்டான். யார் கேட்கப் போகிறார்கள் என்ற தைரியம்தான்.

இப்போது அந்தத் தைரியம் எங்கே போனது என்று தெரியவில்லை. சாம்பல் நிறச் சுமோ. பக்கக் கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம். முன் கண்ணாடி வழியாக ஓட்டுகிறவனின் ஒட்ட வெட்டிய முடியும் கறுப்புக் கண்ணாடியும் தெரிந்தன. பக்கத்தில் ஒரு கனத்த ஆள். போலீஸ்காரனுக்கு இதைவிட என்ன அடையாளம் வேண்டும்? அதுவும் எவ்வளவு ஒட்டி வருகிறான்! இவன் பிரேக்கில் காலை வைத்தால் அவன் பம்பர் வந்து இவன் முதுகில் இடித்துவிடும் போலிருந்தது.

வேகத்தைக் கூட்டினான். அவனும் கூட்டினான். குறைத்தான். அவனும் குறைத்தான். ஓரம் கட்டி, கையை வெளியே நீட்டி, போய்யா போ என்று ஆட்டினான். ரோடு காலியாகத்தான் இருந்தது, ஒரு லாரியே தாராளமாகப் போகலாம். சுமோ போகவில்லை. மரியாதை தெரிந்தவன் மாதிரி பின்னாலேயே நின்றது. முந்திப் போகிற வழி இருந்தும் முந்தாத வண்டியை எந்த டிரைவர் நம்புவான்?

செல்லை எடுத்துப் பஞ்சநதத்தைக் கூப்பிட்டான். காசு செலவழித்து அவுட்கோயிங் போட்டுப் பேசுகிறான் என்றாலே அவன் நிலைமை தெரிந்துகொள்ள வேண்டியதுதான். பின்னால் இருப்பவர்களைப் பயமுறுத்தக் கூடாது என்று குரலைத் தணித்துக்கொண்டான். அதுதான் அவன் செய்த பைத்தியக்காரத்தனம்.

"ஆமாடா, பின்னாலேயேதான் வர்றாங்க. ரெண்டு பேரு... ஏர்போர்ட்டு பார்ட்டிதான். பையன் சவுதியிலேருந்து வர்றான்... இல்லல்ல, அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது... சரி, வடவாத்துக் கரையில விட்டுப் பாக்கறேன். அங்க ஆள் நடமாட்டம் இருக்காது."

பஞ்சநதம் சொன்ன யோசனை சாதாரணமானது. வேலை இல்லாமல் எவனும் கரை ரோட்டுக்குள் வர மாட்டான். வந்தால் போலீஸ், வராவிட்டால் யாரோ. இதைக் கேட்டுவிட்டு செல்லைப் பையில் போட்டபோதுதான் இளையபெருமாள் கவனித்தான், பின் சீட்டில் பேச்சே இல்லை. அதுவரை ஹஸ்ஸானுக்குப் பிடித்த மீன் குழம்பைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டு வந்தவர்கள் அவர்கள்.

வேனைக் கரை ரோட்டில் திருப்பினான். ஆற்றில் பொட்டுத் தண்ணீர் இல்லை. மணலும் நாணலும்தான். இரண்டு பக்கமும் தரிசாகக் கிடந்த வயலில் ஒரு மனுஷப் பிறவி இல்லை. சுமோவும் திரும்பியது. புழுதியைக் கிளப்பிக்கொண்டு, அதே நெருக்கத்தில், அதே வேகத்தில் வந்தது.

"இது என்ன வழி தம்பி?" என்றார் ஜன்னத் பீவி.

குறுக்கு வழி என்று சொன்னான். குரல் அவனுக்கே திருடன் குரல் மாதிரிதான் கேட்டது. கண்ணாடியில் பார்த்தபோது பர்வின் காதிலிருந்ததைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டிருந்தாள். வெயிலுக்கு உறுத்துகிறதோ என்று நினைத்துக்கொண்டான். அட மனுஷா! முன்னால் இருக்கிற கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டியைத்தான் பார்த்தாயே தவிர, பின்னால் உட்கார்ந்திருந்த முகங்களைப் பார்த்தாயா?

வடுவூர் அருகே மறுபடி மெயின் ரோடு வந்தது. ஏரிக்கரை டீக்கடையில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். என்ன ஆனாலும் ஜனங்கள் முன்னால் ஆகட்டும் என்று இளையபெருமாள் வேனை நிறுத்தினான். சுமோவும் பின்னால் வந்து நின்றது. ஜன்னத் பீவி, முகம் கழுவ வேண்டும் என்று மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடைப் பக்கம் போனார். பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் குனிந்து ஏதோ பேசினார். வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடி, பார்த்தால் ஹைஸ்கூல் வாத்தியார் மாதிரி இருந்தார் அவர். திருச்சிக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்கிறார் போலும் என்று இவன் நினைத்தான். இவன் கவலையெல்லாம் சுமோவின் கதவு மேல் இருந்தது.

கதவு திறந்தது. கனத்த ஆள் இறங்கி நேராக இவனிடம் வந்தார். இளையபெருமாள் சார் என்று ஆரம்பித்தான். அதற்குள் அந்த ஆள் இவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்கங்க அண்ணே. ரொம்பத் தொந்தரவு பண்ணிட்டோம்."

அவர் பெயர் அப்துல் அஜீஸ், முத்துப்பேட்டையில் செருப்புக் கடை வைத்திருக்கிறார். வண்டியை ஓட்டி வந்தது அவர் மைத்துனன் ஜெக்கரியா. சவுதியில் பல வருஷம் டிரெய்லர் ஓட்டிவிட்டுப் போன வாரம்தான் ஊருக்கு வந்தவன். வந்த கையோடு சுமோ வாங்கிவிட்டான். ஆனால் அங்கே எல்லாம் ரோட்டின் வலது பக்கம் போகிற பழக்கம். கை தானாக வலது பக்கம் இழுக்கிறது. நேற்று ஒரு டவுன் பஸ்ஸுக்கு நேர் எதிரே கொண்டுபோய் நிறுத்தி, கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். அதனால் அப்துல் அஜீஸ் ஒரு வழி கண்டுபிடித்தார். நிதானமாக ஓட்டுகிற ஒரு வண்டியின் வாலைப் பிடித்துக்கொள்வது, அது போகிற பக்கமே போவது, எந்தக் காரணத்தைக் கொண்டும் முந்தக் கூடாது.

"அதுக்காக ஆத்தங்கரைக்குமா வருவீங்க?" என்று கேட்டான் இளையபெருமாள்.

ஜெக்கரியா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெட்கத்தோடு சிரித்தான். அவர்கள் போக வேண்டியது கும்பகோணமாம். மன்னார்குடியிலேயே நீடாமங்கலம் ரோட்டில் திரும்பியிருக்க வேண்டும். வாலை விட்டுவிடுவோமோ என்கிற பயத்தில் திருப்பத்தைக் கோட்டை விட்டுவிட்டார்கள்.

இளையபெருமாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தான். எல்லாருக்கும் டீ சொன்னான். அம்மா, போலீசும் இல்லை ஒண்ணும் இல்லை, வாங்க வாங்க என்று ஜன்னத் பீவியைக் கூப்பிட்டான். அவர் வரவில்லை. அப்துல் அஜீஸ் சொன்னதையெல்லாம் கேட்டபடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது.

பேப்பர் படித்தவர் எழுந்து வந்தார். பேப்பரை நிதானமாக மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார்.

"வண்டிச் சாவியைக் குடுங்க" என்றார்.

நீங்க யாருங்க என்று இவன் கேட்டதற்கு அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டினார். புளியமரத்தடியில் வெகுநேரமாக நின்றிருந்த வெள்ளை அம்பாசிடரிலிருந்து இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். அந்தக் காரில் விளக்கும் இல்லை, எழுத்தும் இல்லை. அப்படி ஒரு கார் அங்கே நின்றதே இப்போதுதான் இளையபெருமாளின் கண்ணில் பட்டது.

அவர் கத்தவில்லை, அதட்டவும் இல்லை. ஏர்போர்ட்டிலிருந்து வருகிறவர்களை வழிமறித்துக் கொள்ளையடிக்கிற கூட்டம் ஒன்று இந்த ரோட்டில் திரிகிறதாம், அதற்காகத்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறார்களாம். இந்தம்மா வந்து சொன்னதும் அவர்கள்தான் என்று நினைத்தாராம்.

"எந்தம்மா, என்ன சொன்னாங்க?"

"வாடகைக்கு எடுத்த வண்டி, டிரைவர் போன்ல துப்புக் குடுக்கறான், ஆள் இல்லாத கரைக்குக் கூட்டிட்டுப் போனான், பின்னால அவன் ஆளுங்க வர்றாங்க, போலீசுக்குச் சொல்லுங்கன்னு சொன்னாங்க. அது தப்புன்னு இப்பத் தெரியுது. அதை விட்டுடுவோம். ஆனா ஓன் போர்டுல வாடகைக்கு ஓட்டறீங்களே, அதைத் தெரிஞ்சுகிட்டு நான் எப்படி விடறது?"

இளையபெருமாள் ஜன்னத் பீவியைப் பார்த்தான். கோபம்கூட உடனே வரவில்லை. என்னையா சந்தேகப்பட்டார், என்னையா என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. அந்த வீட்டுக்கு எத்தனை தடவை வண்டி எடுத்திருக்கிறான். அவர் ஹஜ்ஜுக்குக் கிளம்பினபோது மெட்ராஸ் வரை ஓட்டிக்கொண்டு போய் விட்டவன் இவன்தான்.

ஜன்னத் பீவி முன்னால் வந்தார்.

"என் தம்பி சார் இவரு. வாடகை இல்ல. சும்மாதான் கூட வந்தாரு."

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். பர்வின் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இப்பத்தானம்மா வாடகை வண்டின்னு நீங்களே சொன்னீங்க" என்றார் அதிகாரி, மெதுவாக.

"அது பயத்துல உளறினது. இதுதான் நெசம். அல்லா மேல..."

"வேணாம்மா" என்றார் அந்த அதிகாரி. "சத்தியமெல்லாம் பண்ணாதீங்க." பிறகு ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். கூட வந்தவர்களில் ஒருவன் இளையபெருமாளின் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு போய் வேனில் ஏறினான்.

ஜன்னத் பீவி அழுதார். இந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவேன் என்றார், உன் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்றார். அப்துல் அஜீஸுக்குத்தான் முதலில் காரியம் ஞாபகம் வந்தது. ஏர்போர்ட்டில் பிள்ளை வந்து இறங்குகிற நேரம், இவர்களை இப்படியே விட முடியாது. சுமோவில் எல்லாரும் ஏறிக்கொள்ளுங்கள், கும்பகோணம் நாளைக்குப் போனால் போகிறது, ஆனால் ஜெக்கரியாவை நம்பித் திருச்சி வரை பொம்பளைப் பிள்ளைகளை ஏற்ற முடியாது, ஸ்டேஷனுக்கு அப்புறம் போய்க்கொள்ளலாம், நீங்களே ஓட்டுங்கள் என்று இளையபெருமாளிடம் சுமோ சாவியை நீட்டினார்.

"ஆமா தம்பி, நீங்களே ஓட்டுங்க" என்றார் ஜன்னத் பீவி. "உங்களை நம்பித்தான் நாங்க வர்றோம்."

இளையபெருமாள் அந்தச் சாவியை வாங்கவில்லை.

"இல்லம்மா. உங்களை ஏத்திக்கிட்டுப் போக எனக்குத்தான் இப்பப் பயமா இருக்கு" என்றான்.

சொல்லிவிட்டுத் தன் வேனைப் பார்த்து நடந்தான். ஓட்டுகிற சீட்டில் போலீஸ்காரன் உட்கார்ந்திருந்தான். இளையபெருமாள் பின் கதவைத் திறந்து, பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.