மூக்காண்டி எம்.

1

இந்தக் கதை எனக்கு ஒரு நூலகத்தில் கிடைத்தது. எந்த ஆய்வுக் கட்டுரையை யார் மேற்கோள் காட்டினார்கள் என்று ஆண்டுதோறும் தொகுக்கும் தடித்த புத்தகம், எண்பத்திரண்டாம் வருடத்தியது. வேறெதையோ தேடும்போது 'மூக்காண்டி எம்.' கண்ணில் பட்டது. அதன் கீழே ஒரு பத்தி முழுக்க மேற்கோள்கள், எல்லாம் வைரஸ் பற்றியவை. சற்றுத் தள்ளி 'முப்பிடாதி எம்.' அது வேதியியல், நான்கே வரி. இரண்டும் எங்கள் பக்கத்துப் பெயர்கள். மீதி நான் கட்டியது.

2

முப்பிடாதி சங்கரன்கோவிலில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மழை

(மழை வேண்டாம். கரிசலில் மழை பெய்தால் எல்லோருக்கும் மனம் இளகிவிடும்.)

முப்பிடாதி வேதியியல் படித்தவள். சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. அவள் உருவாக்கிய ஒரு வேதிப்பொருள் மாடுகளின் கோமாரி வைரஸைக் கொன்றது; ஆனால் அதன் மேலோட்டைச் சிதைக்கவில்லை. உடம்பு வைரஸை அடையாளம் காண்பது அந்த மேலோட்டை வைத்துத்தான்; தடுப்பூசிக்கு அது போதும். கட்டுரையை வெளிநாட்டுக்கு அனுப்பியபோது படிவத்தில் குடும்பப் பெயர் கேட்டிருந்தார்கள். நம்மில் யாருக்கு இருக்கிறது? அப்பா பெயரை எழுதினாள். அன்றிலிருந்து வைரஸ்காரர்களுக்கு அவள் மூக்காண்டி; அவள் பெயர் வெறும் 'எம்.' ஆகிவிட்டது. அவள் திருத்தவும் இல்லை. (ஏன் என்று மூன்று காரணம் எழுதி அடித்துவிட்டேன். அவளுக்கு அது பிடித்திருந்தது.)

இப்போது வைரஸ் பிரிவின் தலைமைப் பதவிக்கு விண்ணப்பித்திருக்கிறாள். மேற்கோள் புத்தகத்தைப் புரட்டிய தேர்வுக் குழு, உங்கள் பெயரில் பழைய வேதியியல் நான்கு வரிதானே இருக்கிறது, யார் இந்த மூக்காண்டி என்று கேட்டது. அப்பா என்றாள். அப்படியானால் ஆய்வில் தனக்குப் பங்கில்லை என்று அவரிடமே எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். இல்லையென்றால் பதவி இன்னொருவருக்கு.

3

மூக்காண்டியை முதலில் ஒன்றும் அறியாத மனிதராக எழுதினேன். படித்துப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது.

கோமாரி வந்த வருடம் அவருடைய தொழுவத்தில் கன்றுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. மகள் சீசாவோடு வந்தாள். துள்ளுகிற கன்றின் வாய்க்குள் கையை விட்டு, நாக்கை வெளியே இழுத்து, அவள் கொப்புளத் தோலைச் சுரண்டி முடிக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தவர் அவர்தான். அந்தத் தோலில் இருந்த வைரஸில்தான் அவள் தன் மருந்தைச் சோதித்தாள்.

(கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லச் சின்ன எழுத்தில் ஓர் இடம் உண்டு. அங்கே அவர் பெயரை அவள் போடவில்லை. மேலே எழுதியவர் பெயராகவே இருக்கிறதே என்று நினைத்திருக்கலாம்.)

4

அப்பாவையும் மகளையும் எதிரே உட்காரவைத்து வக்கீல் குமாஸ்தா அய்யாத்துரை முத்திரைத்தாளை வாசித்தார்: 'மேற்படி ஆய்வுகளில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை.'

"இன்னொரு மட்டம் வாசியும் வே," என்றார் மூக்காண்டி.

வாசித்தார்.

"ஏட்டி, அந்தக் கன்னுக்குட்டி நாக்கை யாரு புடிச்சா?"

"நீங்கதாம்யா."

"பெறவு எப்பிடி பங்கு இல்லைன்னு வருது?"

அய்யாத்துரை சிரித்தார். "அண்ணாச்சி, நாக்கைப் புடிச்சவனுக்கெல்லாம் பட்டம் குடுத்தா ஊர்ல மாடு மேய்க்க ஆள் இருக்காது. மகளுக்கு வேலை வேணுமா, வேண்டாமா? வெரலை நீட்டும்."

விரலில் மை தடவினார். மூக்காண்டி மகளைப் பார்த்தார்.

"நீ சொல்லு தாயி. நீ சொன்னா வைக்கேன்."

5

முதல் முடிவு: அவள் சொல்கிறாள், அவர் வைக்கிறார், பதவி கிடைக்கிறது. ஏற்கெனவே அச்சான புத்தகங்களில் மட்டும் அவர் இருப்பார்.

இரண்டாவது: அவள் தாளைக் கிழிக்கிறாள். கிழிப்பது எனக்குச் சுலபம். பதவி போவது அவளுக்கு.

மூன்றாவது: வாக்கியத்தை மாற்றி எழுதச் சொல்கிறாள். 'நாக்கைப் பிடித்துக்கொண்டதைத் தவிர' என்று. அந்த ஒரு வரியே குழுவுக்குப் போதும், அவளை அனுப்பிவிட.

நான்காவது

மூக்காண்டி வேட்டியில் பட்டுவிடாமல் கறுத்த விரலைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். மை காய்ந்துவிடும் என்கிறார் அய்யாத்துரை. முப்பிடாதி "அய்யா," என்று தொடங்கிவிட்டாள். அடுத்த சொல்லை நான் எழுதப் போவதில்லை. அவள் உங்களைத்தான் பார்க்கிறாள்.