கோட்டைக்காரரின் புகை அலாரம்

எங்கள் சனம் குடியேறிய வெள்ளைக்கார ஊரான வெரிபீயில் லோயர் அருந்தவனுக்கு இரண்டு உத்தியோகம். கிழமை நாட்களில் வீடு வாங்குகிறவர்களுக்கு உறுதிப் பத்திரம் எழுதுவார். சனி ஞாயிறுகளில் கோட்டையின் சாவி அவர் கையில் இருக்கும். கோட்டை என்றால் கல்யாண மண்டபம்தான். எவனோ ஒரு வெள்ளைக்காரன் தன் மூதாதையின் நினைவாகக் கருங்கல்லில் கட்டியது. அந்த மூதாதை தோமஸ் வெல்பி, ஆயிரத்து எழுநூறுகளில் இங்கிலாந்தின் ஏதோ ஒரு மூலையில் வழக்கறிஞராகவும் கோட்டைக் காவலராகவும் இருந்தவராம். சந்தையில் தன்னைப் பழித்த ஆட்டு வியாபாரியை, வருடக்கணக்காகப் பொறுத்திருந்து கோட்டைச் சிறையில் தள்ளினார் என்று வாசலில் அவர் படத்துக்குக் கீழே எழுதியிருக்கிறது. சனம் அந்தப் படத்தோடு நின்று செல்ஃபி எடுக்கும். அருந்தவன் ஒருவர்தான் அதை வாசித்தவர். வாசித்துவிட்டு, எவ்வளவு நல்ல மனுசன் என்று நினைத்தவர்.

அருந்தவனுடைய ஆட்டு வியாபாரி, கோயில் தலைவர் தேவராஜா. கோயில் சமையல்காரர் ஒருவருக்காக அருந்தவன் கோயிலுக்கு எதிராக வழக்குப் பேசியதுதான் குற்றம். அடுத்த மாதமே அருந்தவனின் மனைவி சிவமணி இறந்துபோனார். செத்தவீட்டுக்கு ஒருத்தரும் போகக்கூடாது என்று தேவராஜா வீடு வீடாகப் போன் போட்டார். முதுகெலும்பில்லாத சனம், போகவில்லை. கதிரைகள் நிரையாகக் கிடந்த மண்டபத்தில் அருந்தவனும் மகளும் கிரியை செய்ய வந்த குருக்களும்தான். சனம் என்றால் உயிரை விடுகிற சிவமணி தனியாகக் கிடந்தார்.

அதே தேவராஜா இப்போது தன் மகள் நிரூபாவின் கல்யாணத்துக்குக் கோட்டையைக் கேட்டு வந்தார்.

"ஓமம் வளர்க்கிறது எல்லாம் உங்களுக்குத் தெரியும்தானே லோயர். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கோ."

"ஓம், பார்த்துக்கொள்ளுறன்," என்றார் அருந்தவன்.

ஓமம் என்றால் புகை அலாரத்தை முதலே நிற்பாட்டி வைக்கவேண்டும். எங்கள் சனம் பூவுக்கும் ட்ரோன் கமராவுக்கும் மாதக்கணக்கில் ஓடித் திரியும். அலாரத்தை மட்டும் மண்டபக்காரன் தலையில் கட்டிவிடும். கல்யாணத்தன்று அருந்தவன் அதைத் தொடவில்லை.

குருக்கள் நெய்யை வார்த்ததும் கோட்டை அலறியது. நிரூபா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினாள். முழுச் சனமும் புல்தரையில் நின்றது. முகூர்த்தம் முடிய அரை மணித்தியாலம்கூட இல்லை.

அலாரப் பெட்டிக்கு முன்னால் கதிரை போட்டு இருந்தார் அருந்தவன். தேவராஜா மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"லோயர், இதை நிப்பாட்டுங்கோ."

"முதல்ல மன்னிப்புக் கேளுங்கோ."

தேவராஜா உடனே கைகூப்பினார். "என்ன பிழை விட்டிருந்தாலும் மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அருந்தவனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அலாரப் பெட்டியின் சாவியைக்கூட வெளியே எடுத்துவிட்டார். ஆனால் குறுக்கு விசாரணை செய்து பழகிய வாய் சும்மா இருக்குமா?

"எதுக்கு எண்டு தெரியுமோ? சிவமணியின்ர செத்தவீட்டுக்கு."

தேவராஜா முழித்தார். அதில் நடிப்பு இல்லை. மனுசனுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

"அக்காவின்ர செத்தவீட்டுக்கு நான் வந்தனான்தானே? முன்வரிசையில இருந்தனான். சரியான சனம் அண்டைக்கு."

அருந்தவன் சாவியைத் திரும்பப் பொக்கற்றில் போட்டார். பக்கத்துக் கதிரையை இழுத்து வைத்தார்.

"இருங்கோ. ஆர் ஆர் வந்தவை எண்டு ஒவ்வொருத்தராச் சொல்லுங்கோ. முகூர்த்தம் முடியுமட்டும் கேக்கிறன்."