வழிமொழிய ஆள் வேண்டும்

திருவட்டாறில் எங்கள் சோசலிஸ்ட் கட்சிக் கிளை இருந்த கட்டிடத்தை இடிக்கப் போகிறார்கள். கிளைத் தலைவர் இஸ்ரவேல், வயது எண்பத்திரண்டு, நான்தான். மிச்சமிருக்கும் ஒரே உறுப்பினரும் நானே. கொடியும் மினிட் புத்தகமும் பழைய பேப்பர் கடைக்குப் போவதற்குள், தீர்மானம் போட்டு கிளையை முறைப்படி கலைத்துவிட வேண்டும். முன்மொழிய நான் இருக்கிறேன். வழிமொழிய ஆள் வேண்டுமே! எங்கள் கட்சியில் தும்முவதற்குக்கூட இன்னொருவர் வழிமொழிய வேண்டும்.

கொடியையும் புத்தகத்தையும் பையில் போட்டுக்கொண்டு ஆறுமுகப்பெருமாள் வீட்டுக்குப் போனேன். சிதறால் மலையடியில் பயிற்சி முகாம் போட்டபோது ஒரே இலையில் மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகும் தின்றவர்கள் நாங்கள். சிவப்புத் தொப்பி வைத்துக்கொண்டு, நாளை மறுநாள் சமத்துவம் வந்துவிடும் என்று நம்பினோம்.

எழுபத்தேழாம் வருடம், டெல்லியில் தொடங்கிய புதுக் கட்சியோடு நாமும் இணைந்துவிடலாம் என்றான் ஆறுமுகப்பெருமாள். கடிதம் அனுப்பி அவனை நீக்கினேன். எங்கள் கட்சியே அந்தப் புதுக் கட்சியில் கரைந்துபோனது, நான் கரையவில்லை. அவ்வளவு வீம்பு எனக்கு. அன்றோடு பேச்சு நின்றது.

வந்த காரியத்தைச் சொன்னேன்.

"என்னைய நீக்கினேருல்லா? முதல்ல அதை ரத்து செய்யும்," என்றான்.

"செய்யலாம் வே. அதுக்கு யாரு வழிமொழிவா? நீருதான் உறுப்பினரே இல்லியே."

அவன் மனைவி உலகம்மை கட்டன்சாயாவோடு வந்தாள்.

"வழிமொழிய நான் இருக்கேன் அண்ணாச்சி."

"நீயா?"

"உங்க கடுதாசியில இவரு பேரு மட்டும்தானே இருந்து? என்னைய எப்ப நீக்கினீங்க?"

மினிட் புத்தகத்தைப் புரட்டினேன். முகாமில் எங்களுக்குக் கிழங்கு அவித்துப் போட்ட உலகம்மையின் பெயர், எழுபத்து மூன்றாம் வருட உறுப்பினர் பட்டியலில் இருந்தது. கடைசி ஆள் நான்தான் என்று இத்தனை வருடம் மார் தட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது.

அவனை நீக்கியதை ரத்து செய்யும் தீர்மானம், உலகம்மை வழிமொழிய, நிறைவேறியது. அடுத்து, "கிளையைக் கலைக்க முன்மொழிகிறேன்," என்றேன்.

"வழிமொழிய யாரு?" என்று நானே கேட்டேன்.

ஆறுமுகப்பெருமாள் சாயாவை ஆற்றினான். உலகம்மை கொடியை உதறி மடித்தாள். இரண்டாம் முறை கேட்டேன். மூன்றாம் முறை கேட்க எனக்கே மனம் வரவில்லை.

'வழிமொழிய ஆளில்லாததால் தீர்மானம் கைவிடப்பட்டது' என்று எழுதினேன். கண் கலங்கி எழுத்து கோணலாகப் போனது.

"அடுத்த கூட்டம் எங்க வே?" என்றான் ஆறுமுகப்பெருமாள்.

"இங்கதான்," என்றாள் உலகம்மை. "ஆனா கிழங்கு நீங்க ரெண்டு பேரும் அவிக்கணும்."

நான் முன்மொழிந்தேன். அவன் வழிமொழிந்தான்.