நூறு கிராம் கரி

மகள் அப்பாவின் உதட்டை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள். மருத்துவர் காலையிலேயே கையை விரித்துவிட்டார். அப்பாவுக்கோ தன் நுரையீரலைவிட, அனல்மின் நிலையத்தின் மூன்றாம் யூனிட்டைப் பற்றித்தான் கவலை. முப்பது வருடம் அவர் கட்டிக்கொண்டு அழுத கிழட்டு இயந்திரம் அது. அம்மா இருந்தவரை அதைச் சக்களத்தி என்றுதான் சொல்வாள்.

"அறிக்கை என்னம்மா ஆச்சு? புது டர்பைன் போடறாங்களா?"

அறிக்கையை எழுதியதே அவள்தான். தலைமை அலுவலகத்தில் திட்டப் பிரிவில் வேலை. நேற்று மாலை எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று: புதுப்பித்தால் மிச்சமாகும் கரி சொற்பம், போட்ட முதல் திரும்பாது, மூடிவிடலாம். அந்தப் பணத்தை வேறொரு நிலையத்துக்கு ஒதுக்கியும் விட்டார்கள்.

"பேசாதீங்கப்பா. மூச்சு வாங்குது பாருங்க."

"போடாம எங்க போவாங்க? ரீடிங் எழுதினது நானாச்சே." அவர் முகத்தில் ஒரு திருட்டுச் சிரிப்பு. "ஒரு யூனிட் கரண்டுக்கு எண்ணூறு கிராம் கரி தின்னுது அந்தக் கழுதை. ஒரு வருஷமா எழுநூறுன்னு எழுதினேன். மிச்சம் காத்துல போச்சு, மழையில போச்சுன்னு... நல்ல மெஷின்னு தெரிஞ்சாத்தானே செலவு பண்ணுவாங்க?"

அவள் கை நின்றுவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார் மனிதர். புதுப்பித்தால் அறுநூற்றெண்பது. எண்ணூறிலிருந்து இறங்கினால் ஐந்து வருடத்தில் முதல் வந்துவிடும். எழுநூறிலிருந்து இறங்கினால் முப்பது வருடம். கரியை வாரித் தின்றதுதான் அந்த இயந்திரத்துக்கு இருந்த ஒரே தகுதி, அதையும் ஆசை ஆசையாக அழித்துவிட்டார். அப்பா எழுதியதாயிற்றே என்று அவளும் சரிபார்க்கவில்லை. ஓவென்று கத்த வேண்டும்போல் இருந்தது.

"சொல்லும்மா. போடறாங்கதானே?"

"போடறாங்கப்பா."

மூன்று மணிக்கு அவர் போய்விட்டார்.

மறுநாள் அடக்கத்துக்கு மூன்றாம் யூனிட் ஆட்கள் ஷிப்ட் முடிந்து சீருடையிலேயே வந்தார்கள். மூடும் கடிதம் அவர்களுக்கு இன்னும் போகவில்லை. கொதிகலன் ஃபிட்டர் அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணன் புண்ணியத்துலதாம்மா இனிமே எங்க வீட்டு அடுப்பெல்லாம் எரியப்போகுது. எங்களுக்காகவே பார்த்துப் பார்த்து எழுதினாரு."

அவள் தலையாட்டினாள். வேறென்ன செய்வது?

அவர் தன் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து அப்பாவின் சட்டைப்பையில் செருகினார். "ரீடிங் பேனா. மேசையிலயே விட்டுட்டு வந்துட்டாரு."

மை கசிந்துவிடுமே என்று அவள் குனிந்து அதன் மூடியை அழுத்தி மூடினாள்.