ஒழுகும் வீட்டில் ஒரு தேர்வு

எங்கள் குவார்ட்டர்ஸில் குளியலறைக் குழாய் ஒழுகியது. பராமரிப்பு அலுவலகத்தில் அப்பா புகார் கொடுத்தார். ஆட்கள் வந்தார்கள். சரிசெய்ய அல்ல, படிக்க.

அந்த அலுவலகத்தில் எல்லா ஊழியர்களுக்கும் தொழில்முறைத் தரச் சான்றிதழ் கட்டாயமாகியிருந்தது. குடியிருப்பவர்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பயிற்சி. அதற்கு உண்மையான புகார் உள்ள வீடு ஒன்று தேவைப்பட்டது. எங்கள் வீடு அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. எங்கள் ஒழுகலும் சீரானது. பயிற்சியாளர் கஸ்தூரிரங்கன் வந்து, குளியலறையில் அண்ணாந்து பார்த்து, "பர்ஃபெக்ட்" என்றார்.

அதன் பிறகு வாரந்தோறும் ஒரு குழு வந்தது. செருப்பை வாசலில் விட்டார்கள். வணக்கம் சொன்னார்கள். அம்மா சொன்ன புகாரை அப்படியே திருப்பிச் சொன்னார்கள். "உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது" என்று முடித்துக்கொண்டு போனார்கள். பழுது பார்ப்பது பாடத்திட்டத்தில் இல்லை. பார்த்துவிட்டால் அடுத்த குழு எங்கே போகும்?

அரசாங்க வீட்டில் வெளியாள் கை வைக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். அவர் அரசாங்கத்தில் குமாஸ்தா.

குளியலறைச் சுவருக்கு மறுபக்கம் சமையலறை. ஈரம் அங்கே பரவி, சுவிட்ச் ஷாக் அடிக்க ஆரம்பித்தது. அம்மா பூரிக்கட்டையால் சுவிட்ச் போடப் பழகிக்கொண்டாள். நான் பி.எஸ்ஸி. இயற்பியல். கட்டை காய்ந்திருக்கும்வரைதான் அது காப்பு என்று எனக்குத் தெரியும். கழுவிக் கவிழ்த்த பூரிக்கட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எடுத்துத் துடைத்து வைப்பேன். கஸ்தூரிரங்கன் வரும்போதெல்லாம் இதைச் சொல்ல வாயெடுப்பேன். சத்தம் வராது. டீ டம்ளரை நீட்டுவேன்.

போன வாரம் கருப்பசாமி என்பவருக்கு எங்கள் வீட்டில் தேர்வு. விருதுநகர்ப் பக்கத்துக்காரர், பல வருடமாக பிளம்பர். தேறாவிட்டால் வேலை போய்விடும். அம்மா புகாரைச் சொன்னாள். பூரிக்கட்டையால் சுவிட்ச் போட்டும் காட்டினாள்.

"உங்கள் சிரமம்..." என்று ஆரம்பித்த கருப்பசாமி, அப்படியே ஸ்டூலில் ஏறிவிட்டார். வாஷரை மாற்றினார். நட்டை முறுக்கினார். ஒழுகல் நின்றது.

"அரே, க்யா கர் தியா!" என்ன காரியம் பண்ணிட்டீர் என்று கஸ்தூரிரங்கன் இந்தியில் பதறித் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏன்யா சரி பண்ணினீங்க?"

"ஒழுகுச்சு சார்."

"ஒழுகறது எனக்குத் தெரியாதா? கேட்டுண்டு நிக்கறதுதான்யா எக்ஸாம். ஃபெயில். வியாழக்கிழமை மறுபடி வாங்க. இதே வீடு, இதே ஒழுகல்."

புதன்கிழமை சாயங்காலம் கருப்பசாமி தனியாக வந்தார். ஸ்பேனரைத் துண்டில் சுற்றி வைத்திருந்தார்.

"பாப்பா, நாளைக்கு ஒரு நா மட்டும் நட்டை லூசு பண்ணிக்கிடட்டா? பரீச்சை முடிஞ்சதும் முறுக்கிருதேன்."

"முறுக்க விடுவாங்களா அண்ணே?"

யோசித்தார். "விட மாட்டாக."

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, ஷாக் அடிச்சு நான் போய்ச் சேர்ந்தா அப்பவும் சிரமம் புரியுதும்பீங்களா?"

"அதுக்கு வேற படிப்பும்மா. அடுத்த லெவலு."

அவர் கிண்டல் செய்யவில்லை. சமையலறைச் சுவர் இப்போதுதான் ஓரங்களில் வெளுத்துக் காய ஆரம்பித்திருந்தது.

"குழாய் ஒழுக வேண்டாம் அண்ணே," என்றேன். "நான் ஒழுகுறேன்."

வியாழக்கிழமை குளியலறைப் பரணில் ஏறிக் குப்புறப் படுத்துக்கொண்டேன். பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர். விரல்களை நனைத்து, கீழே வைத்திருந்த வாளிக்குள் சொட்டவிட்டேன். சுவரில் ஒரு சொட்டும் படவில்லை. யாருடனும் பேச வேண்டியதில்லை. இந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

கஸ்தூரிரங்கன் உள்ளே வந்து அண்ணாந்தார். என் கையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"கொஞ்சம் ஜல்தி," என்றார். "பழைய ஸ்பீடு இதில்லை."

வேகத்தைக் கூட்டினேன். தலையசைத்தார்.

கருப்பசாமி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். வலது கை கிளம்பாதபடி இடது கை அதன் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. அம்மா புகாரைச் சொன்னாள். அவர் திருப்பிச் சொன்னார். சிரமம் புரிகிறது என்பதை மட்டும் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"பாஸ்," என்றார் கஸ்தூரிரங்கன். கருப்பசாமி சுவரில் சாய்ந்துகொண்டார். சான்றிதழில் கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுத்துவிட்டு, கஸ்தூரிரங்கன் மறுபடி அண்ணாந்தார்.

"அச்சா, அடுத்த பேட்ச் திங்கட்கிழமை. அன்னிக்கு உனக்கு வேலை ஒண்ணும் இல்லையே? அந்தக் குழாயைவிட நீ எவ்வளவோ தேவலை. சொன்னாக் கேக்கறே."

நான் விரல்களை மறுபடி சொம்பில் நனைத்தேன்.

"சரின்னுடுவா சார்," என்றாள் அம்மா. "அவளுக்கு முடியாதுங்கற வார்த்தையே வராது."

திங்கட்கிழமை மட்டுமில்லை, அதற்கடுத்த திங்களும் இருக்கிறது. என்றாவது எனக்குக் காய்ச்சல் வரும். அன்றைக்கு அவர்கள் குழாயைத்தான் தேடுவார்கள்.

"முடியாது," என்றேன்.

பரணில் அது எதிரொலித்தது. அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னது?"

"முடியாது சார். இனிமே இந்த வீட்டுல எதுவும் ஒழுகாது."

அவர் கோபப்படவில்லை. கவலைப்பட்டார். "இதப் பாரும்மா, ஒழுகல் நின்னுடுத்துன்னா காரணம் எழுதணும். வாஷர் மாத்தினதுன்னு எழுதினா இவரை மறுபடி ஃபெயில் பண்ணணும்."

கருப்பசாமி சான்றிதழை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் தள்ளினார்.

"ஒழுக இஷ்டமில்லைன்னு எழுதுங்க சார்," என்றேன்.

கஸ்தூரிரங்கன் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். காரணத்தில் தவறு எதுவும் அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. எழுதினார். பிறகு காகிதத்தையும் பேனாவையும் பரணுக்கு நீட்டினார்.

"ஒழுகினவா கையெழுத்து வேணும்."

விரல்களைச் சுடிதாரில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, என் முழுப் பெயரையும் எழுதினேன்.